மகிழுந்து உலர்த்துதுணை

மகிழுந்து உலர்த்துதுணை என்பது, கழுவி முடித்த மகிழுந்தின் மேற்பரப்பில் எஞ்சியிருக்கும் நீரைக் கறை படியாமலும் கீறல் விழாமலும் அகற்றுவதற்காகத் தெளிக்கப்படும் ஒரு நீர்மம் ஆகும். இது பொதுவாகப் பீச்சுக் குப்பிகளில் விற்கப்படுகிறது. கார் நனைந்திருக்கும்போதே இதனைத் தெளித்து, நீரையும் நீர்மத்தையும் சேர்த்து நுண்ணிழைத் துணியால் ஒற்றி எடுப்பர். தானியங்கிக் கழுவுநிலையங்களில் இதன் மற்றொரு வடிவம், காற்றூதிகள் இயங்குவதற்குச் சற்று முன்னர்த் தெளிக்கப்படுகிறது.

பெயரில் "உலர்த்து" என்னும் சொல் இருந்தாலும், உலர்த்துதுணை நீரை ஆவியாக்குவதில்லை. நீர் ஆவியாவதற்கு முன்பே அதனை நீர்ம நிலையிலேயே வெளியேற்ற உதவுவதே இதன் பணியாகும். ஆவியாகும் நீர் தன்னில் கரைந்திருந்த கனிமங்களைப் பரப்பிலேயே விட்டுச் செல்கிறது; வழிந்தோடும் நீரோ அவற்றைத் தன்னுடன் எடுத்துச் செல்கிறது. இந்த வேறுபாடே உலர்த்துதுணையின் அடிப்படை ஆகும்.

தேவை

கழுவிய காரைத் துடைக்காமல் விட்டாலும் சிறிது நேரத்தில் அது காய்ந்துவிடும். ஆனால் தானாகக் காய விட்டால் நீர்க்கறை படிகிறது. கறையைத் தவிர்க்கத் துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழுகிறது. இவ்விரு சிக்கல்களையும் ஒருங்கே குறைக்கும் முயற்சியாகவே உலர்த்துதுணைகள் உருவாயின.

நீர்க்கறை

குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் கரைந்துள்ளன. இவை மிகுந்துள்ள நீர் கடின நீர் எனப்படும். நீர் ஆவியாகும்போது, கரைந்த நிலையிலுள்ள கால்சியம் பைகார்பனேட்டு பின்வருமாறு மாற்றமடைகிறது:

கால்சியம் பைகார்பனேட்டு → கால்சியம் கார்பனேட்டு + நீர் + கார்பன் டை ஆக்சைடு

கால்சியம் கார்பனேட்டு நீரில் எளிதில் கரையாதது. எனவே ஒருமுறை படிந்த கறையை மீண்டும் நீர் ஊற்றிக் கழுவினால் அது முழுவதும் நீங்குவதில்லை. சுடுநீர்ப் பாத்திரங்களின் அடியில் வெண்ணிறமாகப் படிவதும் இதே பொருளே ஆகும்.

படியும் அளவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். காரின் வெளிப்பரப்பு 10 சதுர மீட்டர் என்றும், அதன்மேல் தங்கும் நீரின் சராசரித் தடிமன் 0.05 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். அப்படியானால் பரப்பில் தங்கும் நீர் அரை லிட்டர் ஆகும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (10500), மொத்தக் கரைந்த திடப்பொருட்களின் ஏற்கத்தக்க அளவை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என வரையறுக்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 2000 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கொண்ட நீர் முழுவதும் பரப்பிலேயே காய்ந்தால், ஏறத்தாழ கால் கிராம் திடப்பொருள் காரின்மேல் தங்கும். 2000 மில்லிகிராம் கொண்ட நீரானால் ஏறத்தாழ ஒரு கிராம் தங்கும். பைகார்பனேட்டு சிதையும்போது ஒரு பகுதி வளிமமாக வெளியேறுவதால் உண்மையான எடை இதனினும் சிறிது குறையலாம். குடிக்கத் தகுந்த நீர், காரின்மேல் காய விடுவதற்கும் தகுந்தது எனக் கொள்ள முடியாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

கறை பெரும்பாலும் வளைய வடிவில் அமைவதற்கும் காரணம் உண்டு. துளியின் விளிம்பு பரப்பில் ஒட்டி நிலைத்திருக்கும்போது, விளிம்புப் பகுதியில் ஆவியாதல் விரைவாக நிகழ்கிறது. அவ்விழப்பை ஈடுசெய்யத் துளியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நீர் பாய்கிறது. அந்நீரோட்டம் துகள்களை விளிம்புக்குக் கொண்டு சேர்க்கிறது. சிந்திய காப்பி காயும்போது ஓரத்தில் கருவளையம் தோன்றுவதும் இதனாலேயே. இதற்கான விளக்கத்தை ராபர்ட் டீகனும் அவருடன் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்களும் 1997 ஆம் ஆண்டு நேச்சர் ஆய்விதழில் வெளியிட்டனர்.

நீர்க்கறையை இரு வகையாகப் பிரிக்கலாம்.

- மேற்படிவு: கனிமம் பரப்பின்மேல் மட்டும் தங்கியிருப்பது. கால்சியம் கார்பனேட்டு, நீர் கலந்த வினிகர் போன்ற மென் அமிலங்களில் கரையும். நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிக்கா படிந்திருந்தால் அது இம்முறையில் கரைவதில்லை.
- அரிப்புக் கறை: வெப்பத்தாலும் அமிலம் அல்லது காரத் தன்மையாலும் மேற்பூச்சு தாக்கப்பட்டுக் குழிவது. இதைக் கழுவி நீக்க இயலாது. பூச்சைத் தேய்த்து மட்டப்படுத்த வேண்டும்.

இவ்வேறுபாட்டைப் பள்ளி மாணவர்களும் எளிய ஆய்வொன்றின் மூலம் காணலாம். ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஒரு துளியும், காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளியும் இட்டு, அசையாமல் காய விட வேண்டும். முதல் துளி காய்ந்த இடத்தில் வெண்வளையம் தெரியும். இரண்டாவது துளி காய்ந்த இடத்தில் ஏறத்தாழ எதுவும் தெரியாது.

கீறல்

காரின் பூச்சில் காணப்படும் மெல்லிய கீறல்களில் பல, கழுவும்போதும் துடைக்கும்போதும் ஏற்படுபவை. தெருப்புழுதியில் உள்ள மணல் பெரும்பாலும் குவார்ட்சு ஆகும். மோவின் கடினத்தன்மை அளவுகோலில் அதன் எண் 7. பூச்சின் மேலடுக்கு ஒரு பல்லுறுப்பி ஆதலால் அது மணலைவிட மிகவும் மென்மையானது. கழுவியும் நீங்காமல் எஞ்சிய ஒரு மணல் துகள், துணிக்கும் பூச்சுக்கும் இடையில் சிக்கினால், துணி செல்லும் வழியெல்லாம் கோடு இழுக்கிறது.

தெருவிளக்கு அல்லது சூரிய ஒளியில் பார்க்கும்போது இக்கீறல்கள் சிலந்தி வலை போல வட்டமாகத் தோன்றும். உண்மையில் அவை எல்லாத் திசைகளிலும் ஒழுங்கின்றி அமைந்தவை. ஒளிமூலத்தின் பிம்பத்தைச் சுற்றி ஏறத்தாழ வட்ட வடிவில் அமையும் கீறல்கள் மட்டுமே ஒளியைக் கண்ணை நோக்கித் திருப்புகின்றன. ஏனையவை கண்ணுக்குத் தெரிவதில்லை. பார்ப்பவர் நகர்ந்தால் வட்டமும் உடன் நகர்வது இதற்குச் சான்றாகும். கருமை, கருநீலம் போன்ற அடர்நிறக் கார்களில் இவை மிகத் தெளிவாகத் தெரியும்.

மேற்பூச்சின் தடிமன்

இன்றைய கார்களில் உலோகத் தகட்டின்மேல் துருத்தடுப்பு அடுக்கு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, நிறமற்ற மேற்பூச்சு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக இடப்படுகின்றன. இவை அனைத்தும் சேர்ந்தும் பொதுவாக 100 முதல் 150 மைக்ரோமீட்டர் அளவே இருக்கும். பணிமனைகளில் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு மட்டும் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரோமீட்டர் ஆகும். இது தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு.

இந்த அடுக்கே காருக்குப் பளபளப்பைத் தருகிறது. புற ஊதாக் கதிர்களை உட்கவரும் சேர்மங்களும் இதில் கலக்கப்பட்டுள்ளன. கீறலை நீக்க மெருகேற்றும்போது, கீறலின் ஆழத்திற்குச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து எடுக்கின்றனர். ஒவ்வொரு முறையும் சில மைக்ரோமீட்டர் குறைகிறது. குறைந்த பகுதி மீண்டும் வளர்வதில்லை. ஆகவே மெருகேற்றுதல் என்பது பூச்சைச் செலவிட்டுப் பளபளப்பைப் பெறுவதாகும். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் கீறலைத் தவிர்ப்பது, இந்தச் செலவைத் தள்ளிப்போடுகிறது. உலர்த்துதுணையின் உண்மையான பயன் அன்றைய பளபளப்பைவிட இதில்தான் அடங்கியுள்ளது.

செயற்படும் முறை

நீரின் பரப்பு இழுவிசை 25 பாகை செல்சியசில் மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன் ஆகும். நீர்மங்களில் இது உயர்ந்த மதிப்பு. ஒரு பரப்பின்மேல் வைத்த நீர்த்துளி எந்த வடிவை அடையும் என்பது, நீரின் பரப்பு இழுவிசையையும் அப்பரப்பின் ஆற்றலையும் பொறுத்தது. துளியின் விளிம்பில் நீர்ப்பரப்பும் திண்மப் பரப்பும் ஏற்படுத்தும் கோணம் சேர்கோணம் எனப்படும். இவற்றுக்கிடையேயான தொடர்பை 1805 ஆம் ஆண்டு தாமசு யங் விளக்கினார். சேர்கோணம் 90 பாகையைவிடக் குறைந்தால் பரப்பு நீர்விரும்பும் பரப்பு எனவும், மிகுந்தால் நீர்வெறுக்கும் பரப்பு எனவும் வழங்கப்படும்.

நீர்மணியாக்கம்

மெழுகு அல்லது சிலிக்கோன் பூசிய பரப்பு நீரை வெறுக்கிறது. அதன்மேல் நீர் பரவாமல் மணிமணியாகத் திரள்கிறது. உலர்த்துதுணை தெளிக்கப்பட்டவுடன் அதன் மூலக்கூறுகள் பூச்சின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. தொடர்ச்சியாக இருந்த நீர்ப்படலம் உடைந்து மணிகளாகப் பிரிகிறது. சாய்வான பகுதிகளில் பெரிய மணிகள் உருண்டோடுகின்றன. எஞ்சிய மணிகளைத் துணி எளிதில் உறிஞ்சுகிறது.

நீர்மணி எவ்வளவு உருண்டையாக உள்ளதோ அவ்வளவு எளிதில் அது ஓடிவிடும் எனக் கருதப்படுவதுண்டு. இது முழுவதும் சரியன்று. துளி நகரும்போது அதன் முன்விளிம்பில் ஒரு கோணமும் பின்விளிம்பில் வேறொரு கோணமும் அமைகின்றன. இவ்விரு கோணங்களுக்கிடையே உள்ள வேறுபாடு குறைவாக இருந்தால்தான் துளி எளிதில் நகரும். வேறுபாடு மிகுதியானால், அழகாக உருண்டு நிற்கும் துளியும் செங்குத்தான கதவில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய மெழுகின்மேல் தூசி படிந்த கார்களில் இதனைக் காணலாம்.

நீர்ப்படலமாக்கம்

கறையைத் தவிர்க்க இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்தால், அது மணியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் பரவி வழிந்துவிடும். பாத்திரம் கழுவும் இயந்திரங்களில் இடப்படும் அலசுதுணை இம்முறையில் செயற்படுகிறது. புகைப்படச் சுருளைக் கழுவிய பின் நனைக்கும் ஈரமாக்கி நீர்மமும் இவ்வாறானதே. பாத்திரமும் படச்சுருளும் செங்குத்தாக நிற்பதால் படலம் வழிந்துவிடுகிறது. காரின் கூரையும் பானெட்டும் ஏறத்தாழ கிடையாக இருப்பதால், அங்குப் படலம் தேங்கிக் காய்ந்துவிடும். எனவே கார்களுக்கான பெரும்பாலான உலர்த்துதுணைகள் மணியாக்கும் முறையைப் பின்பற்றுகின்றன.

உராய்வுக் குறைப்பு

கையால் துடைக்கும்போது உலர்த்துதுணை வழவழப்பையும் தருகிறது. நீரை உறிஞ்சிய துணி, எண்ணெய்ப்பசையற்ற சுத்தமான பூச்சின்மேல் பற்றி இழுபடும். அப்போது துடைப்பவர் தம்மையறியாமல் கூடுதலாக அழுத்துகிறார். உலர்த்துதுணையிலுள்ள சிலிக்கோனும் பல்லுறுப்பிகளும் துணிக்கும் பூச்சுக்கும் இடையில் மெல்லிய வழுக்கு அடுக்காக அமைந்து இந்த இழுவையைக் குறைக்கின்றன. அழுத்தம் குறைவதால், சிக்கிய துகள் ஏற்படுத்தும் கீறலின் ஆழமும் குறைகிறது.

உட்கூறுகள்

உலர்த்துதுணையின் பெரும்பகுதி நீரே ஆகும். அதில் பின்வருவனவற்றுள் சில கலந்திருக்கும்.

- சிலிக்கோன் பால்மங்கள்: பாலிடைமெத்தில்சிலோக்சேன் மற்றும் அமினோ தொகுதி சேர்ந்த சிலிக்கோன்கள். நீரில் உள்ளபோது அமினோ தொகுதி நேர்மின் தன்மை பெறுகிறது. பூச்சின் பரப்பு பெரும்பாலும் எதிர்மின் தன்மை உடையதாதலால் இவை அதன்மேல் நன்கு ஒட்டுகின்றன. தலைமுடிக்கான கண்டிசனர்களில் அமினோ சிலிக்கோன்கள் பயன்படுவதும் இதே காரணத்தால்தான்.
- கார்னோபா மெழுகு: பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனைமரத்தின் இலையிலிருந்து பெறப்படுவது. ஏறத்தாழ 82 முதல் 86 பாகை செல்சியசில் உருகும். இயற்கை மெழுகுகளில் கடினமான ஒன்று.
- நேர்மின் பரப்புச் செயலிகள்: நான்கிணைய அமோனியம் சேர்மங்கள் போன்றவை. நீர்ப்படலத்தை விரைவில் உடைக்கின்றன.
- சிலிக்கா சார்ந்த சேர்மங்கள்: சிலோக்சேன், சிலேன் வகைகள். விற்பனையில் "செராமிக்" என்னும் அடைமொழியுடன் வருபவை பெரும்பாலும் இவையே. சூளையில் சுட்ட பீங்கானுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.
- கரைப்பான்கள்: ஐசோபுரோப்பைல் ஆல்ககால், கிளைக்கால் ஈதர்கள் போன்றவை.
- நுண்ணுயிர்க் காப்புப் பொருள், மணப்பொருள், நிறமி முதலியன.

தானியங்கிக் கழுவுநிலையங்களில்

தானியங்கிக் கழுவுநிலையங்களில் ஒவ்வொரு காருக்கும் சில நிமிடங்களே கிடைப்பதால், நீரை மிக விரைவாக அகற்ற வேண்டியுள்ளது. அங்குப் பயன்படும் உலர்த்துதுணைகள் மரபாக, நேர்மின் பரப்புச் செயலியைக் கொண்டு கனிம எண்ணெயைப் பால்மமாக்கித் தயாரிக்கப்பட்டன. பால்மம் காரின்மேல் பட்டவுடன் உடைந்து எண்ணெயின் மிகமெல்லிய படலத்தை விட்டுச் செல்லும். நீர் மணிகளாகத் திரளும். அவற்றைக் காற்றூதிகள் தள்ளிவிடும்.

இங்குப் படிநிலைகளின் வரிசை முதன்மையானது. கழுவும் சவர்க்கார நீர்மங்கள் பல எதிர்மின் பரப்புச் செயலிகளைக் கொண்டவை. அவற்றை நன்கு அலசாமல் நேர்மின் உலர்த்துதுணையைத் தெளித்தால், இரண்டும் சேர்ந்து கரையாத பிசுக்காக மாறிவிடும். உலர்த்துதுணை வீணாவதுடன் கண்ணாடியில் மங்கலான படலமும் தோன்றும். வீட்டில் கழுவுவோருக்கும் இது பொருந்தும்.

உடன் பயன்படும் கருவிகள்

நுண்ணிழைத் துணி

உலர்த்துதுணையுடன் இன்று பெரிதும் பயன்படுவது மைக்ரோபைபர் எனப்படும் நுண்ணிழைத் துணியாகும். 9000 மீட்டர் நீளத்தின் எடை ஒரு கிராமைவிடக் குறைவாக உள்ள இழை நுண்ணிழை எனப்படும். பாலியெசுத்தரும் நைலானும் 80:20 அல்லது 70:30 என்னும் விகிதத்தில் கலந்து இத்துணி பெரும்பாலும் செய்யப்படுகிறது. ஒவ்வோர் இழையும் நீளவாக்கில் பல கீற்றுகளாகப் பிளக்கப்படுவதால், நீர் தங்குவதற்கான இடுக்குகள் மிகுதியாகின்றன. துகள்களும் இந்த இடுக்குகளுக்குள் செல்வதால் பூச்சில் உரசுவது குறைகிறது.

இத்துணியைத் துணி மென்மையாக்கி இட்டுத் துவைக்கக்கூடாது. மென்மையாக்கியிலுள்ள நேர்மின் சேர்மங்கள் இழைகளின்மேல் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைக்கின்றன. மிகை வெப்பத்தில் காயவைத்தால் இழைகளின் நுனி உருகிக் கடினமாகலாம். தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் மீண்டும் பயன்படுத்தலாகாது.

ஷாமித் தோல்

ஷாமி என்பது மீனெண்ணெயால் பதனிடப்பட்ட மென்தோல் ஆகும். ஐரோப்பிய மலைகளில் வாழும் ஆடு போன்ற ஒரு விலங்கின் பெயரிலிருந்து இப்பெயர் வந்தது. இன்று இது பெரும்பாலும் செம்மறியாட்டுத் தோலில் இருந்து செய்யப்படுகிறது. பாலிவினைல் ஆல்ககாலால் ஆன செயற்கை ஷாமியும் உண்டு. இது காய்ந்தால் அட்டை போல் விறைத்துவிடும். ஷாமியின் பரப்பு தட்டையாக இருப்பதால், துகள் உள்ளே புதைய இடமின்றிப் பூச்சின்மேல் உருள்கிறது.

காற்றூதி

மின்காற்றூதி பூச்சைத் தொடாமலேயே நீரைத் தள்ளுவதால் கீறல் ஏற்படுவதில்லை. பக்கக் கண்ணாடி, கதவுப் பிடி, விளக்கு ஓரம், சக்கரத் திருகு போன்ற துணி நுழையாத இடங்களுக்கு இது ஏற்றது. உலர்த்துதுணையால் மணியாக்கப்பட்ட நீரை ஊதித் தள்ளுதல் எளிது.

ரப்பர் வைப்பர்

கண்ணாடிக்கு ஏற்றது. பூச்சின்மேல் பயன்படுத்தினால், விளிம்பில் சிக்கும் ஒரே துகள் வைப்பர் செல்லும் தொலைவு முழுவதும் கோடு இழுக்கும்.

கனிமம் நீக்கிய நீர்

அயனிப் பரிமாற்றப் பிசின் அல்லது எதிர்ச் சவ்வூடு பரவல் மூலம் கனிமம் நீக்கப்பட்ட நீரால் இறுதி அலசலைச் செய்தால், நீர் தானாகக் காய்ந்தாலும் கறை மிகக் குறைவு. வளர்ந்த நாடுகளின் தானியங்கிக் கழுவுநிலையங்கள் பலவற்றில் இது கறையற்ற அலசல் என்ற பெயரில் வழங்கப்படுகிறது.

வீட்டுக் குடிநீர் வடிகட்டியிலிருந்து வெளியேறும் கழிவுநீரைக் கார் கழுவப் பயன்படுத்தும் வழக்கம் இந்திய நகரங்களில் உள்ளது. நீர்ச் சிக்கனம் கருதி இது நல்லதே. ஆனால் வடிகட்டியில் நீக்கப்பட்ட கனிமங்கள் அனைத்தும் இக்கழிவுநீரிலேயே சேர்கின்றன. உட்செலுத்திய நீரில் பாதி குடிநீராகப் பிரிந்தால், கழிவுநீரின் கனிம அளவு ஏறத்தாழ இருமடங்காகும். எனவே இதனை முதற்கட்டக் கழுவலுக்குப் பயன்படுத்தி, இறுதி அலசலை வேறு நீரால் செய்வது பொருத்தமானது.

பயன்படுத்தும் முறை

1. கார் நிழலில் நிற்க வேண்டும். பானெட்டைத் தொட்டால் சூடு தெரியக்கூடாது. வெயிலில் நிற்கும் அடர்நிறக் காரின் தகடு 60 பாகை செல்சியசைக் கடந்து சூடேறலாம். அந்நிலையில் துளிகள் துடைப்பதற்குள் காய்ந்துவிடும்.
2. புழுதியும் சவர்க்காரமும் முழுவதும் நீங்கும்வரை அலச வேண்டும்.
3. குழாயின் முனையிலுள்ள பீச்சியைக் கழற்றிவிட்டு, விசையின்றிப் பாயும் நீரைக் கூரையிலிருந்து கீழ்நோக்கி மெதுவாக ஓடவிட வேண்டும். ஓடும் நீர் தன்னுடன் சிறுதுளிகளை இணைத்து இழுத்துச் செல்வதால், துடைக்க வேண்டிய நீர் பெரிதும் குறையும்.
4. ஒரு நேரத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் உலர்த்துதுணையைத் தெளிக்க வேண்டும். பெரும்பாலான பொருட்களுக்கு ஒரு கதவுக்கு ஓரிரு பீச்சல்கள் போதும்.
5. துணியை விரித்துப் பரப்பின்மேல் வைத்து, அழுத்தாமல் தன் எடையாலேயே நீரை உறிஞ்ச விட வேண்டும். பின்னர் நேர்கோட்டில் மெதுவாக இழுக்கலாம். வட்டமாகத் தேய்த்தல் கூடாது.
6. கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேற்பகுதி, கீழ்ப்பகுதி என மேலிருந்து கீழாகச் செல்ல வேண்டும். சக்கரத்துக்கு அருகிலுள்ள கீழ்ப்பகுதியில் மணல் மிகுதியாதலால், அதற்குத் தனித்துணி வேண்டும்.
7. இறுதியாக உலர்ந்த மற்றொரு துணியால் மெல்ல ஒற்றி, எஞ்சிய ஈரத்தை நீக்க வேண்டும்.
8. கதவுகளையும் பின்மூடியையும் திறந்து, விளிம்புகளில் தங்கிய நீரைத் துடைக்க வேண்டும்.

வரலாறு

தொடக்ககாலக் கார்களுக்கு, குதிரை வண்டிகளுக்குப் போலவே எண்ணெய் சார்ந்த வார்னிசு பூசப்பட்டது. அது காய்வதற்கே பல நாட்கள் பிடித்தது. 1923 ஆம் ஆண்டு டூபாண்ட் நிறுவனம் டூக்கோ என்னும் நைட்ரோசெல்லுலோசு பூச்சை அறிமுகப்படுத்தியது. விரைவில் காயும் இப்பூச்சை செனரல் மோட்டார்சு தன் ஓக்லாந்து வகைக் கார்களில் முதலில் பயன்படுத்தியது. அக்காலப் பூச்சுகள் எளிதில் மங்கியதால், மெழுகிட்டு மெருகேற்றுவது வழக்கமான பராமரிப்பாயிற்று. துடைப்பதற்கு ஷாமித் தோலும் பருத்தித் துணியும் பயன்பட்டன.

1970 ஆம் ஆண்டளவில் சப்பானின் டோரே நிறுவனத்தில் மியோசி ஒக்கமோட்டோ உருவாக்கிய மீநுண்ணிழைகள், பின்னர்த் துடைக்கும் துணிகளுக்கும் வழிவகுத்தன. 1980களில் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற மேற்பூச்சு இடும் முறை பரவலானது. பூச்சின் நிறம் மங்குவது குறைந்தது. ஆனால் பளபளப்பான மேலடுக்கில் மெல்லிய கீறல்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியலாயின. அமில மழையால் ஏற்படும் அரிப்பும் கவனத்திற்கு வந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள சாக்சன்வில் நகரம், மேற்பூச்சுகளின் அரிப்புத் தாங்கும் திறனைச் சோதிக்கும் களமாகப் பூச்சுத் தொழில்துறையினரால் பயன்படுத்தப்பட்டது. 2010களில் சிலிக்கா சார்ந்த தெளிப்பு நீர்மங்கள் பரவலாயின. அவற்றுள் பல, நனைந்த காரின்மேல் நேரடியாகத் தெளித்துத் துடைக்கும் வகையில் அமைந்தவை.

வரம்புகளும் முன்னெச்சரிக்கைகளும்

- உலர்த்துதுணை அழுக்கை நீக்கும் பொருளன்று. சரியாகக் கழுவாத காரின்மேல் தெளித்துத் துடைத்தால், வழவழப்பு இருந்தாலும் கீறல் விழும்.
- இது விட்டுச் செல்லும் காப்புப் படலம் மெல்லியது. முறையாக இடப்படும் மெழுகுக்கோ காப்புப் பூச்சுக்கோ மாற்றாகாது. அவற்றின் ஆயுளை நீட்டிக்கத் துணைசெய்யலாம்.
- அளவுக்கு மீறித் தெளித்தால் கோடுகளும் மங்கலும் தோன்றும். முன்கண்ணாடியில் படிந்தால் மழையின்போது வைப்பர் அதிர்ந்து, பார்வையை மறைக்கலாம்.
- பிரேக் வட்டுகளின்மேல் படக்கூடாது. கழுவிய பின் வார்ப்பிரும்பு வட்டில் தோன்றும் மெல்லிய துரு இயல்பானது. மெதுவாக ஓட்டிச் சிலமுறை பிரேக்கை அழுத்தினால் அது நீங்கும், வட்டும் உலரும்.
- புதிதாகப் பூச்சு அடித்த பகுதியில் கரைப்பான் முழுவதும் வெளியேறச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை மெழுகு அல்லது சிலிக்கோன் கொண்டவற்றைத் தவிர்ப்பது நல்லது.
- பூச்சுப் பணிமனைகளில் சிலிக்கோன் கொண்ட தெளிப்புகள் தவிர்க்கப்படுகின்றன. சிறிதளவு சிலிக்கோன் படிந்தாலும் புதிய பூச்சு அவ்விடத்தில் ஒட்டாமல் விலகி, மீன்கண் எனப்படும் சிறுகுழிகள் தோன்றும்.
- பளபளப்பற்ற பூச்சு உடைய கார்களுக்கு அதற்கெனத் தயாரித்தவற்றையே பயன்படுத்த வேண்டும். மெழுகு படிந்தால் திட்டுத்திட்டாக மினுமினுக்கும்.
- கழுவிய நீர் மழைநீர் வடிகாலில் சேரும் இடங்களில், எண்ணெயும் பரப்புச் செயலிகளும் நீர்நிலைகளைச் சென்றடையும். எனவே தேவையான அளவே தெளித்தல் வேண்டும்.

தவறான கருத்துகள்

நீர் மணிமணியாக நின்றால் கார் பாதுகாப்பாக உள்ளது என்பது பரவலான கருத்து. மணிகள் உருண்டோடினால் மட்டுமே இது உண்மை. அப்படியே காய விட்டால், படலமாகப் பரவியிருக்க வேண்டிய கனிமம் சிறுசிறு புள்ளிகளில் செறிந்து, கறை இன்னும் தெளிவாகத் தெரியும். மெழுகிட்ட காருக்குத் துடைக்கும் தேவை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

காரை வேகமாக ஓட்டினால் நீர் தானாக அகலும் என்பது மற்றொன்று. காற்று பெருந்துளிகளை அகற்றினாலும் சிறுதுளிகள் பரப்பிலேயே காய்கின்றன. கண்ணாடி இடுக்குகளிலிருந்து கசியும் நீரில் தெருப்புழுதியும் ஒட்டிக்கொள்கிறது.

பழைய பனியன் துணி மென்மையானது, எனவே கீறாது எனவும் கருதப்படுகிறது. கீறுவது பெரும்பாலும் துணியன்று. துணியில் ஏறிய மணலே. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாள்தோறும் ஒரே வாளி நீரில் ஒரே துணியை நனைத்துப் பல கார்களைத் துடைக்கும் வழக்கம் உள்ளது. சில கார்களுக்குப் பின் அந்த நீரே மணற்கலவையாகிவிடுகிறது. இவ்வாறு துடைக்கப்படும் கார் ஒவ்வொரு நாளும் தூய்மையாகத் தோன்றினாலும், அதன் மேற்பூச்சு மெல்ல மெல்லக் கீறல்களால் நிறைகிறது. இந்நிலையை எந்த உலர்த்துதுணையாலும் ஈடுசெய்ய இயலாது. நிழல், மிகுந்த அலசல், தூய துணி ஆகிய மூன்றும் அமைந்த பின்னரே உலர்த்துதுணை பயன் தருகிறது. அவை அமைந்தால், அது இல்லாமலும் காரைப் பெருமளவு பாதுகாப்பாக உலர்த்த முடியும்.

இவற்றையும் பார்க்கவும்

- கடின நீர்
- பரப்பு இழுவிசை
- சேர்கோணம்
- பரப்புச் செயலி
- நுண்ணிழை
- எதிர்ச் சவ்வூடு பரவல்